அழுத்திய கை

"உன் கை விளங்காது. நடந்து வந்தவளைக் கொன்னுட்டியே."

ஸ்கேன் அறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார், மனைவியைப் பறிகொடுத்த கணவர். காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஓசி வேடிக்கையை யார் விடுவார்கள்? சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார்.

நேற்றுக் காலை, கால் வீங்கிய மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் இவர்தான். ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி தெரிந்தது. உடனே வார்டில் சேர்த்து ஊசி போட்டும் பலனில்லை. சாயங்காலமே கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து, அந்தம்மா போய்விட்டார்.

"கருவியை வெச்சு அழுத்தினது நீதானே? அதுலதான் கட்டி நகர்ந்திருக்கு. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்."

ஸ்கேன் எடுக்கும் பெண் தலை குனிந்து நின்றாள்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேசாக அழுத்தி, ரத்தக்குழாய் அமுங்குகிறதா என்று பார்ப்பதுதானே இந்த ஸ்கேன்? அமுங்காவிட்டால் உள்ளே கட்டி. அதற்காகப் பழி போடுவதா?

"இங்க பாருங்க, அந்த அழுத்தத்துல எல்லாம்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். நான்தான் கொஞ்சம் பலமா அழுத்திட்டேன்."

கூட்டம் 'உச்' கொட்டியது. கணவர் பெஞ்சில் சரிந்து, குழந்தை மாதிரி அழுதார்.

"எவ்வளவு பத்திரமா பார்த்துக்கிட்டேன் தெரியுமா அவளை? உன்னை வேலையை விட்டே தூக்காம ஓய மாட்டேன்."

உறவினர் ஒருவர் அவரை மெல்ல அழைத்துப் போனார்.

கதவைச் சாத்தியதும் டாக்டர் வெடித்தார்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? பண்ணாத தப்பை எதுக்கு ஒத்துக்கிட்டே? உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்கிட்டியே."

அவள் கட்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து ஸ்கேன் பண்றப்போ அந்தம்மா பெருமையா சொன்னாங்க டாக்டர். கால் வலிக்குதுன்னு சொன்னதுக்கு, ராத்திரி பூரா தூங்காம இவர்தான் எண்ணெய் தேய்ச்சு அமுக்கி அமுக்கி விட்டாராம்."

டாக்டருக்குப் புரிந்தது. கட்டி இருக்கும் காலை அப்படி அமுக்கவே கூடாது; கட்டி பெயர்ந்து நகர்ந்துவிடும்.

"தன் கையாலதான்னு தெரிஞ்சா, அந்தக் கையை வெச்சுக்கிட்டு அவர் எப்படி வாழ்வார்? என் கைன்னே இருந்துட்டுப் போகட்டும், டாக்டர்."