சிவப்பு ஸ்டிக்கர்

அளவு டேப்பின் ஒரு முனையை மாமா அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவன் சுவரோரமாக நகர்ந்தான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். இந்தச் சரக்கு நிறுவனத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். எல்லா மாடிகளின் பில்களையும் கையில் வாங்கி, சரிபார்த்து, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பிரிவில் கொடுப்பதுதான் அவர் உத்தியோகம்.

கட்டடம் முழுக்க நெட்வொர்க் கேபிள் போடப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் மேனேஜரிடம் மச்சினன் பெயரைச் சொன்னதும் அவர்தான்.

கேபிள் இழுப்பதுதான் அவன் தொழில் என்றாலும் வேலை என்று ஒன்று வந்து வெகுநாளாகிறது. அவன் வீட்டில் அடுப்பு எரிவதே மாமாவின் சம்பளத்தில்தான். இந்த எஸ்டிமேட் மட்டும் அமைந்துவிட்டால் தலை நிமிர்ந்துவிடலாம்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் மட்டும் கம்ப்யூட்டருக்கான கேபிள் பாயிண்ட் வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து எல்லாக் கேபிளும் வந்து சேரும் கீழ்மாடிப் பெட்டிக்கு. அளந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை நீளம் கூட்டிப் போட்டுக்கொள்வது அவன் வழக்கம்.

"தாராளமா விடு மாப்ள. உங்க அக்கா எனக்குச் சட்டைத்துணி எடுக்கிற மாதிரி இழுத்துப் பிடிக்காத."

சிரித்துக்கொண்டே கடைசி மூலைக்கு வந்தார்கள். இரண்டு பீரோக்களுக்கு நடுவே மாமாவின் மேசை. எலி வளையானாலும் தனி வளை என்று அவரே பீற்றிக்கொள்ளும் இடம்.

சுவரில் ஸ்டிக்கர் இல்லை.

உதிர்ந்திருக்கும் என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். பீரோவை நகர்த்தியும் பார்த்தான்.

பிறகுதான் உறைத்தது. கேபிள் வந்துவிட்டால் பில்கள் கம்ப்யூட்டர் வழியாகத் தாமே கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாங்கிச் சேர்க்க ஆள் எதற்கு?

பாவம், மனுஷன் ஒன்றும் தெரியாமல் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் பிழைப்பில் மண்ணைப் போடும் கேபிளை அவர் மச்சினனே இழுப்பதா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் வேறு எது?

"இந்த வேலை நமக்கு வேண்டாம் மாமா. கட்டுப்படியாகாது," என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மாமா டேப்பை விடவில்லை.

"ஸ்டிக்கர் ஒட்டினதே நான்தான் மாப்ள. எவனோ ஒருத்தன் இழுக்கத்தான் போறான். அது நம்ம வீட்டு ஆளா இருக்கட்டுமேன்னுதான் உன்னைச் சொன்னேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தபோது மாமா தன் மேசையைத் தாண்டி வராண்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். டேப் அவர் பின்னால் நீண்டுகொண்டே போனது.

"அக்காகிட்ட இன்னும் சொல்லல. நீயும் உளறி வைக்காத," என்றார் திரும்பாமல். "ரேட்ட மட்டும் குறைச்சுப் போட்டுடாத. கொஞ்ச நாளைக்கு ரெண்டு வீட்டு அடுப்பும் அதுலதான் எரியணும்."