மூன்று கணினி, ஒரு பதிவு

நேற்று அழித்த பதிவு இன்று காலையும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான். கைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஆபீஸ் சிஸ்டத்தை மூடாமலே எந்திரிச்சுப் போயிட்டியா?"

"மூடிட்டு, பச்சை டிக் வந்தப்புறம்தான் தாயே எந்திரிச்சேன். நீ எழுதி ஒட்டினதுதான் எனக்கு மனப்பாடமாச்சே."

அப்பாவின் நிலத்தடி நீர் நூல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் பதிப்பு காண்கிறது. அதற்கு ஆதாரமான நூல்கள், கட்டுரைகள் ஆயிரத்து நானூறின் விவரமும் ஒரே தொகுப்பில் இருந்தன. கீழே அவள் கணினி, மாடியில் அப்பாவின் கணினி, அலுவலகத்தில் அண்ணனுடையது என்று மூன்றிலும் அந்த ஒரே தொகுப்புதான் திறக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றை ஒன்று மேலெழுதிக் குழப்பிவிடும்.

அதனால்தான் மூன்று மேசைகளுக்கு மேலேயும் அவள் ஆளுக்கொரு தாள் ஒட்டியிருந்தாள். ஒரு நேரத்தில் ஒருவர். முடிந்ததும் மூடு. மாற்றம் மூன்றிலும் ஏறி, பச்சை டிக் வரும்வரை எழுந்திருக்காதே.

கல்லூரியில் நாள் முழுக்க வகுப்பு, வீட்டுக்கு வந்தால் இந்த வேலை. இரண்டு மாதமாக அவளுக்கு முதுகு முதுகாக இல்லை. சனிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தொகுப்பில் என்ன இருக்கிறதோ அது அப்படியே நூலின் கடைசிப் பக்கங்களில் பட்டியலாக வந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். அந்த ஒரு பதிவு வரவே கூடாது.

அது யாரும் அறியாத ஓர் ஆய்வேடு. அப்பாவிடம் படித்து, பட்டம் வாங்காமலே போய்விட்ட மாணவி ஒருத்தி எழுதியது. பிரதியும் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் அலமாரியில் தூசி தட்டும்போது அது அவள் கையில் அகப்பட்டது. புரட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மூன்றாம் அத்தியாயம், வரிக்கு வரி அதில் இருந்தது.

"நம்ம வீட்டு எழுத்துல இரவல் வரி கிடையாது" என்று மேடைக்கு மேடை நிமிர்ந்து நின்று சொன்னவர் அப்பா. அந்தப் பெருமையில்தான் பிள்ளைகள் இருவரும் வளர்ந்தார்கள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆய்வேட்டைத் தன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அலமாரி நூல்களையெல்லாம் பதிந்தபோது அண்ணன் இதையும் சேர்த்திருப்பான் என்று நினைத்து, திங்கட்கிழமை அந்தப் பதிவை அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை அது வந்தது. முதலில் தலைப்பும் மாணவியின் பெயரும் மட்டும்தான் இருந்தன; இப்போது ஆண்டும் சேர்ந்திருந்தது. அழித்தாள். புதன்கிழமை துறையின் பெயரும் சேர்ந்து வந்தது. அதையும் அழித்தாள். இன்று, வியாழக்கிழமை, அண்ணனைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். எந்தப் பதிவு என்று அவள் சொல்லவில்லை. இரட்டிப்பாக விழுந்த ஒன்று என்று மழுப்பினாள்.

"அழிச்சா திரும்பி வர்றதுக்கு அதென்ன பேயா?" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கணினியைப் பகிர்விலிருந்தே துண்டிக்கச் சொன்னாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே துண்டித்தான். அவள் மறுபடி அழித்து, பச்சை டிக் வந்ததைப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பதிவு வந்திருந்தது. இந்த முறை பக்க எண்ணோடு: 41 முதல் 67 வரை.

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அண்ணன் கணினி துண்டித்தாயிற்று, தன்னுடையது சுத்தம். மிச்சம் மாடியில் இருப்பதுதான். அதில் ஏதோ பழைய நகல் ஒன்று ஒளிந்திருந்து திரும்பத் திரும்ப ஏறுகிறது. அப்பாவுக்கு ஐயம் வராமல் அதைத் துடைத்துவிட வேண்டும். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

எண்பத்தொரு வயதிலும் அப்பா நாற்காலியில் சாயாமல்தான் உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரலால் எதையோ தட்டிவிட்டுத் தொகுப்பை மூடினார். பச்சை டிக் வரும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே அவள் பக்கம் திரும்பினார்.

"அப்பா, உங்க சிஸ்டத்துல சின்னக் கோளாறு. நான் எடுத்துவிட்ட ஒரு பதிவு இங்கேருந்து மறுபடி மறுபடி ஏறுது. சரி பண்ணிக் கொடுத்துடவா?"

அவர் அலமாரியைப் பார்த்தார். ஆய்வேடு இருந்த இடம் காலியாகவே இருந்தது. வேறு எந்த நூலையும் அவர் அங்கே நகர்த்தி வைக்கவில்லை.

"அதை நீ எடுத்துட்டுப் போனது எனக்குத் தெரியும். முப்பது வருஷமா நான் மறைச்சு வெச்சதுதானே அது. நாளைக்குப் போற பட்டியல்ல அந்தப் பொண்ணு பேர் இருக்கணும்மா."

அவள் கணினியைக் காட்டினாள். "இல்லப்பா... அது மெஷின் பண்ற தப்பு..."

"மெஷினுக்கு எப்படிம்மா பக்க எண் தெரியும்? பார்த்து எழுதினவனுக்குத்தான் தெரியும்."