ஆறு இஞ்சா, நாலு இஞ்சா?

"மாமா, உங்க மேடம் வந்தாச்சு!"

கிரிஸ்டா குரல் கொடுத்ததும் டெல்பர்ட் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டார். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊருக்கு இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடை அவருடையது. கல்லாவில் மருமகள் கிரிஸ்டா.

"என்ன கிண்டல்? அவங்க நம்ம வாடிக்கையாளர்."

"ரெண்டு மாசமா சனிக்கிழமை தவறாம வர்றாங்க. ஒரு தோட்டாகூட வாங்கினதில்ல. இதுக்குப் பேரு வாடிக்கையாளரா?"

அதற்குள் வில்மா உள்ளே வந்துவிட்டாள். எழுபதை நெருங்குகிற வயசு. உதட்டில் பளீர் சிவப்பு.

"டெல்பர்ட், ஆறு இஞ்ச் குழல்தான்னு நேத்து முடிவே பண்ணிட்டேன். காலையில காபி குடிக்கும்போது மறுபடி குழம்பிப் போச்சு!"

"அதனால என்ன, உட்காருங்க மிஸ் வில்மா. முதல்லேருந்து பார்ப்போம்."

முதல்லேருந்தா! கிரிஸ்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

டெல்பர்ட் மூன்று ரிவால்வர்களை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் பரப்பினார்.

"இது ரெண்டு இஞ்ச். கைப்பையில அடங்கிடும். ஆனா சுட்டா கையை உதறும், காதைக் கிழிக்கும். இது ஆறு இஞ்ச். கனம் ஜாஸ்தி, அதனால உதறல் கம்மி. குழல் நீளமா இருக்கிறதால குறி பார்க்கிறது சுலபம். ரேஞ்சுல சுட்டுப் பழகறதுக்கு இதான் ராஜா."

"அப்போ இதையே வாங்கிடலாமே?"

"வீட்டுக்குத் திருடன் வந்தா? உங்க வீட்டு நடை ரொம்பக் குறுகல்னு சொன்னீங்களே. மூலை திரும்பறப்போ உங்களுக்கு முன்னாடி குழல் போய் நிக்கும். அவன் கைகுலுக்கற மாதிரி அதைப் புடிச்சுக்கிட்டு, 'சௌக்கியமா அம்மா'ம்பான்!"

வில்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டெல்பர்ட்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"சரி, அப்போ நாலு இஞ்ச்?"

"ரேஞ்சுக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும்."

"ரெண்டுக்கும் ஆகும்னா, ரெண்டுலயும் அரைகுறைன்னு அர்த்தமா?"

"அடடா, கேட்டீங்களே ஒரு கேள்வி!" டெல்பர்ட் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மான் வேட்டைக்குத் தோட்டா வாங்க வந்தவர்கள் வரிசையில் நெளிந்துகொண்டிருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வில்மாவைக் கடைக்குப் பின்னால் இருந்த ரேஞ்சுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

காதடைப்பான், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, ஆறு இஞ்சில் ஆறு தோட்டாவையும் சுட்டாள் வில்மா. தாளில் வரைந்திருந்த மனுஷனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேலே, இடது மூலையில் மட்டும் ஒரு கிழிசல்.

"திருடன் தப்பிச்சிட்டான்!" வில்மா கை தட்டினாள்.

"சத்தத்திலேயே செத்திருப்பான், கவலைப்படாதீங்க!"

இருவரும் சிரித்தபடி கடைக்குள் வந்தார்கள். கிரிஸ்டாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது கடை. வாங்கறதா இருந்தா வாங்குங்க. இல்லேன்னா மத்தவங்களைக் கவனிக்க விடுங்க."

வில்மாவின் முகம் சுருங்கியது.

"அதுவும் நியாயம்தாம்மா. நாலு இஞ்சே குடுத்திடு."

டெல்பர்ட் பதறிப்போனார்.

"வேணாம்! நீங்க... நீங்க இன்னும் அஞ்சு இஞ்சைப் பார்க்கவே இல்லையே!"

"நம்ம கடையில அஞ்சு இஞ்சே கிடையாதே மாமா?"

"வரவழைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வந்துடும்."

வில்மாவின் முகம் மலர்ந்தது. "அஞ்சைப் பார்க்காம எப்படி முடிவு பண்றது?" என்று கையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

கிரிஸ்டா முணுமுணுத்துக்கொண்டே ரேஞ்சுக்குப் போனாள். குப்பையில் போடுவதற்காக அந்தத் தாளைக் கழற்றியவள் அப்படியே நின்றாள்.

மூலைக் கிழிசலின் விளிம்பில் ஆறு வளைவுகள். ஆறு தோட்டாவும் ஒரே ஓட்டையில் போயிருந்தன. கத்துக்குட்டி சுட்டால் ஆறும் ஆறு திசைக்கல்லவா போயிருக்கும்?

தாளோடு வெளியே ஓடினாள். வில்மா வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது நீங்க சுட்டதுதானே?"

வில்மா தாளைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ! கொஞ்சம் சிதற விட்டிருக்கணும். பழக்க தோஷம்!"

"எதுக்கு இந்த நாடகம்?"

"மனைவி போனதுலேருந்து உங்க மாமா யார்கிட்டயும் வாயே திறக்கறதில்லன்னு சர்ச்சுல பேசிக்கிட்டாங்க. சும்மா துப்பாக்கியைப் பத்திக் கேட்டுப் பார்த்தேன். மடை திறந்த மாதிரி கொட்டிட்டார். பேசட்டுமேன்னுதான் வர்றேன். அவர்கிட்ட சொல்லிடாதேம்மா, சங்கடப்படுவார்."

கிரிஸ்டாவுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், வீட்டிலும் சனிக்கிழமை சாப்பாட்டின்போது மட்டும்தான் மாமாவுக்குச் சிரிப்பு வருகிறது.

"மன்னிச்சுக்குங்க மேடம். சொல்லமாட்டேன்" என்றாள்.

உள்ளே வந்ததும் டெல்பர்ட் அவள் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்த ஒற்றை ஓட்டையை ரசித்தார்.

"அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கு பாரு! சின்ன வயசுல மாநிலப் போட்டியில எங்க எல்லாரையும் மண்ணைக் கவ்வ வச்ச கை. கூட்டத்தோட கூட்டமா நின்னவன், என்னை அவங்களுக்கு ஞாபகமிருக்காது."

"மாமா! அப்போ உங்களுக்கு முதல்லேருந்தே..."

"ஷ்ஷ்! புருஷன் போனப்புறம் அந்த வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லாம இங்க வர்றாங்க, பாவம். எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதே, சங்கடப்படுவாங்க!"