சரிவை வழித்த குட்டி லோடர்

கட்டடத்துக்காகத் தோண்டிய பெரிய பள்ளம் அது. உள்ளே ஒரு குட்டி லோடர் மண்ணை வழித்து மூலையில் குவிக்கும். மேலே நிற்கிற பொக்லைன் நீளக் கையை விட்டு அதை அள்ளி லாரியில் போடும்.

"தம்பி, நீ இறங்கி வந்த மண் சரிவை மட்டும் விட்டுடு. நீ மேலே ஏறின பிறகு நான் எடுத்துக்கிறேன்" என்றது பொக்லைன்.

குட்டிக்குச் சுருக்கென்றது. உள்ளே கிடந்து புழுதி தின்றது நான், வேலையை முடித்த பேர் மட்டும் இவருக்கா என்று நினைத்தது. பொக்லைன் டீசல் போடப் போன நேரம் பார்த்து, சரிவை முழுக்க வழித்து மூலையில் குவித்துவிட்டது. இப்போது நாலு பக்கமும் மண் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது.

திரும்பி வந்த பொக்லைன் எட்டிப் பார்த்தது. "அடேயப்பா! சரிவு இருந்த தடமே இல்லையே!"

"நாங்க செஞ்சா அப்படித்தாண்ணே!"

"சரி, மேலே வா. பொழுது சாயுது, கிளம்பலாம்."

குட்டி உற்சாகமாகத் திரும்பியது. பள்ளத்தை ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. பிறகு மூலையிலிருந்து ஒரு பக்கெட் மண்ணை அள்ளி, சரிவு இருந்த பழைய இடத்திலேயே சத்தம் வராமல் கொட்டியது.

"என்னடா பண்றே?"

"இந்த ஓரம் கொஞ்சம் பள்ளமா இருக்குண்ணே. சரி பண்ணிட்டு வந்துடறேன். நீங்க முன்னால போய்க்கிட்டே இருங்க" என்றது குட்டி.