கடலில் விழுந்த பெட்டி

வானிலை பலூன் வெடித்து, அதில் கட்டியிருந்த பெட்டி கடலில் விழுந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வானிலை மையத்தில் அவள் மட்டும் ரேடியோவை அணைக்கவில்லை.

“இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழற?” என்றார் மேலாளர்.

“சிக்னல் வருது சார்.”

“வந்து என்ன? ஒரு வரியாவது டீகோட் ஆகுதா பாரு.”

திரை முழுவதும் ‘பிழை’ என்று சிவப்பு வரிகள். விழுந்த இடத்தைத் துல்லியமாகச் சொன்ன பெட்டிதான். பத்து நிமிஷமாகத்தான் உளறுகிறது.

“தண்ணி புகுந்து சிக்னல் கெட்டுப்போச்சு. ரேடியோ அலை நடுநடுவே அறுந்தா கம்ப்யூட்டருக்கு என்ன புரியும்? வீட்டுக்குப் போம்மா. மூணு நாளா நீ தூங்கவே இல்ல.”

வீடு என்றதும் அவள் நாற்காலியை ரேடியோ பக்கம் இன்னும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். யார் கதவைத் தட்டினாலும் இப்போது உயிர் போய் உயிர் வருகிறது.

திரையை அணைத்தாள். ஸ்பீக்கரை மட்டும் கூட்டி வைத்தாள்.

பெட்டியின் கீச்சுக்குரல் அடுத்தடுத்து இரண்டு முறை அறுந்தது. சற்று விட்டு ஒரு முறை. மறுபடியும் இரண்டு, மறுபடியும் ஒன்று. யாரோ பெட்டியின் ஆன்டெனாவைக் கையால் பொத்திப் பொத்தி எடுப்பதுபோல.

“சார், கடலோரக் காவல் படைக்குச் சொல்லுங்க. பெட்டி விழுந்த இடத்துக்குப் போகச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா?”

“நான் பயந்தாங்கொள்ளி சார். ரெண்டு தட்டு, அப்புறம் ஒரு தட்டு. அப்படித் தட்டினாத்தான் கதவைத் திறப்பேன். மூணு நாள் முன்னாடி புயல்ல படகோட காணாமப்போன என் வீட்டுக்காரர் தினமும் அப்படித்தான் தட்டுவார்.”