குறுக்குக் கட்டையில் ஒரு ரசிகன்

எருமைகளின் ரக்பி அணி அன்றும் தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே இருந்த குறுக்குக் கட்டையில் உட்கார்ந்திருந்த காக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று அது எப்போதும் அங்கேதான் உட்காரும்.

"கூட்டமா முட்டித் தள்ளும்போது ஏன்டா இப்படி மூச்சு வாங்குறீங்க? தீனியைக் குறைங்க! ஓரத்துல இருக்கிறவன் ஓடுறானா, மேயுறானா? அவனுக்குப் பதிலா ஒரு வெள்ளாட்டை இறக்குங்க. முதல்ல அந்த உதைக்கிறவனை மாத்துங்க! வருஷக்கணக்கா கத்துறேன், ஒருத்தனாவது காதுல வாங்குறானா?"

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்றது எருமைகளின் கேப்டன்.

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? தோத்துட்டு நீங்க குளத்துல போய்ப் படுத்துக்குவீங்க. மத்த காக்காங்க முகத்துல முழிக்க முடியாம தவிக்கிறது நான்!"

கடைசி நிமிடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. பந்து கட்டைக்கு மேலே, கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி. உதைக்கும் எருமை நிதானமாக ஓடி வந்து உதைத்தது. பந்து நேராகத்தான் வந்தது.

காக்காவால் பொறுக்க முடியவில்லை. "இப்படியாடா உதைப்பாங்க?" என்று கத்தியபடி சிறகை விரித்து எம்பியது. பந்து அதன் நெஞ்சில் மோதி, கட்டையைத் தாண்டாமல் இந்தப் பக்கமே விழுந்தது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஒலித்தது.

மைதானமே காக்காவைப் பார்த்தது. காக்கா கலைந்த இறகைக் கோதிவிட்டு, கேப்டனைப் பார்த்துச் சீறியது.

"பார்த்தியா? அவனை மாத்துன்னு நான் அப்பவே சொன்னேன்ல!"