கப்பல் கிளம்பும் நேரம்

கொச்சிக் கோட்டைப் பக்கம் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் தமிழ்வேந்தன் மணி பார்த்தான்.

"வெரசா நட அம்மணி. கப்பல் கிளம்பப் போகுது."

"அந்தப் பழைய சர்ச்சுக்குள்ளயும் போய்ப் பாத்துப்போட்டுப் போலாங்க" என்றாள் கிருபா.

"கப்பல்காரங்க ஏற்பாடு பண்ற பஸ்ஸுல சுத்திப் பாக்க வந்தவங்கன்னா கப்பல் காத்திருக்கும். நாம தனியா வந்திருக்கறோம். நமக்காக நிக்காது."

கிருபா சர்ச்சுக்குள் போய் மண்டியிட்டவள் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அவன் வாசலில் தவித்தான். வெளியே வந்து, கடலோரத்துச் சீன மீன்வலைகள் முன்னால் ஒரு போட்டோ வேண்டும் என்றாள். அப்புறம் இளநீர் கேட்டாள்.

"கப்பல உட்டுப்போட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" என்று அவன் கத்தினான்.

அவள் ஆட்டோவில் ஏறினாள். பாலத்தில் ஒரே நெரிசல். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

துறைமுக வாசலில் இறங்கும்போது கப்பலின் சங்கு ஊதியது. தமிழ்வேந்தன் ஓடிப்போய்க் காவலரிடம் அடையாள அட்டையை நீட்டினான். கப்பலின் சமையலறை ஊழியர் என்று அதில் போட்டிருந்தது.

கிருபாவிடம் அட்டை எதுவும் இல்லை. கல்யாணமான மறுமாதமே கப்பல் வேலைக்குப் போன புருஷனை ஒரு பகல் பார்ப்பதற்காக, அவள் கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள். "கப்பல் போயிருந்தா, நீங்களும் என்கூட நம்ம சிங்காநல்லூர் ஊட்டுக்கு வந்திருப்பீங்கல்லங்க?"

அவன் அவள் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே ஓடினான். கிருபா அதே ஆட்டோவில் ஏறி, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாள்.